மேஸ்திரி போனான், மேஸ்திரி வந்தான்!

(கோவை சிங்காநல்லூர் வட்டாரத்தில் நடைபெற்ற வாலிபர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பத்திரிகைச் சந்தா வசூலுக்காகப் போன மாதம் இந்தத் தெருக்களில் வீடு வீடாகச் சென்றுகொண்டிருந்தேன். ஒரு வீட்டுத் திண்ணையில் தகப்பனாருக்கும் மகனுக்கும் பலத்த வாக்குவாதம். தகப்பனார் முப்பது வருஷம் மில்லிலே ரிங் பிரேமில் நின்றவர். மகன் டிப்ளமா முடித்து இரண்டு வருஷமாகிறது.

"பதினெட்டு வயசில் நான் மில் கார்டு வாங்கினேன். இவன் இத்தனை படித்துவிட்டு செல்போனைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்" என்றார் தகப்பனார்.

"உங்க காலத்தில் கேட்டில் போய் நின்றால் வேலை கொடுத்தான். இப்போ கேட்டில் நின்றால் செக்யூரிட்டி விரட்டுகிறான்" என்றான் மகன்.

அந்த அம்மாள் எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "ஏனுங்க தோழர், நீங்களே சொல்லுங்க. யார் பேரில் தப்பு?" என்று கேட்டார்.

எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. டீயைக் குடித்துவிட்டு, சந்தாவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இன்றைக்கு அந்தத் தாய்க்குப் பதில் சொல்வதாக நினைத்துக்கொண்டுதான் உங்கள் முன் நிற்கிறேன்.

நான் பத்தாம் வகுப்புத் தேறியவன். பொருளாதாரப் பட்டம் வாங்கியவனல்ல. எனக்குத் தெரிந்ததை என் குடும்பத்திலிருந்தே தொடங்குகிறேன். என் பாட்டனார், என் தகப்பனார், நான், இன்றைய பிள்ளைகள் என்று நான்கு தலைமுறை. படிப்பை விட்டதும் இவர்கள் எப்படி வேலை தேடினார்கள்? வேலை கொடுக்கும் வாசலில் யார் நின்றுகொண்டிருந்தான்? இந்த இரண்டு கேள்விகளையும் கேட்டால் போதும், விஷயம் விளங்கிவிடும்.

பாட்டன் காலம்

கோவையில் முதல் பஞ்சாலை 1888-ல் தொடங்கியது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மில்கள் மளமளவென்று எழுந்தன. என் பாட்டனார் பல்லடம் பக்கத்துக் கிராமத்தில் ஐந்தாவது வரை படித்தவர். கிணறு வற்றிப் போகவே, 1930-களின் கடைசியில் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தார்.

அன்றைக்கு வேலை தேடுவதற்கு மனுப் போட வேண்டியதில்லை. சர்ட்டிபிகேட் வேண்டியதில்லை. சங்கு ஊதுவதற்கு முன்னால் மில் வாசலில் போய் நிற்க வேண்டும். மேஸ்திரி வருவான். நிற்கிற கூட்டத்தைப் பார்ப்பான். "நீ வா, நீ வா, நீ போ" என்பான். அவ்வளவுதான். உள்ளே போனவனுக்கு அன்றைக்குச் சோறு. போகாதவன் மறுநாளும் வந்து நிற்க வேண்டும்.

மேஸ்திரி யாரை "வா" என்பான்? தன் ஊர்க்காரனை, தன் ஜாதிக்காரனை, தனக்குக் கொடுத்தவனை. என் பாட்டனார் முதல் மாதச் சம்பளத்தை அப்படியே அவன் கையில் வைத்தாராம். தீபாவளிக்குச் சேவல், பொங்கலுக்கு வெல்லம், நடுவில் அவன் வீட்டில் கலியாணம் என்றால் மொய். இத்தனையும் கொடுத்தாலும் ஒருநாள் முகம் சுளித்தால் மறுநாள் வேலை கிடையாது. ஏன் நிறுத்தினாய் என்று கேட்க இடமில்லை. வேலை கொடுத்ததற்கே எழுத்து இல்லாதபோது, நிறுத்தியதற்கு எழுத்து எங்கிருந்து வரும்?

இதை நான் மட்டும் சொல்லவில்லை. வெள்ளைக்கார சர்க்கார் நியமித்த ராயல் கமிஷனே 1931-ல் கொடுத்த தொழிலாளர் அறிக்கையில், வேலைக்கு ஆள் எடுக்கிற இந்த இடைத்தரகர்கள் லஞ்சம் வாங்குவதை ஒப்புக்கொண்டது. ஆள் எடுக்கும் அதிகாரத்தையும், நீக்கும் அதிகாரத்தையும் அவர்களிடமிருந்து பறிக்க வேண்டும் என்று சிபாரிசும் செய்தது. சிபாரிசு காகிதத்தில் இருந்தது. மேஸ்திரி வாசலில் இருந்தான்.

அவனை அந்த வாசலிலிருந்து அகற்றியது தொழிலாளர்களின் சங்கம். சும்மா அகற்றவில்லை. அடி, உதை, அடியாட்கள், சிறை எல்லாவற்றையும் பார்த்துத்தான் அகற்றியது. 1946 ஜனவரி 8-ந் தேதி கோவைச் சிறையில் தூக்கிலேறிய சின்னியம்பாளையம் தியாகிகள் நால்வரும் மில் தொழிலாளர்கள் என்பதை இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தகப்பன் காலம்

அதே 1946-ம் வருஷத்தில்தான் நிலையாணைச் சட்டம் வந்தது. நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலையில் யார் நிரந்தரம், யார் பதிலி, யார் தற்காலிகம், யார் பயிற்சியாளர் என்று எழுதி வைக்க வேண்டும். என்ன குற்றத்துக்கு என்ன நடவடிக்கை, எப்படி விசாரணை என்று எழுதி வைக்க வேண்டும். அதை எல்லோருக்கும் தெரியும்படி ஒட்ட வேண்டும் என்று ஆயிற்று. 1947-ல் தொழில் தகராறு சட்டம் வந்தது. யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்காக 1945-ல் திறந்த எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சு, 1948-ல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. காலியிடம் இருந்தால் எக்ஸ்சேஞ்சுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்ற சட்டம் 1959-ல் வந்தது.

இந்தக் கடைசிச் சட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது. காலியிடத்தைத் தெரிவிப்பது கட்டாயமாக இருந்தது. ஆனால் எக்ஸ்சேஞ்சு அனுப்புகிற ஆளையே எடுக்க வேண்டும் என்பது கட்டாயமில்லை என்று அதே சட்டம் சொன்னது. ஆகவே தனியார் முதலாளிமார் தெரிவித்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு தமக்கு வேண்டியவர்களையே எடுத்தார்கள். எக்ஸ்சேஞ்சு உண்மையாகப் பயன்பட்டது சர்க்கார் வேலைக்குத்தான்.

என் தகப்பனார் 1968-ல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தார். அப்போது அது பதினோரு வருஷப் படிப்பு. எக்ஸ்சேஞ்சில் பதிந்தார். சர்க்கார் வேலை வரவில்லை. பதிந்த கையோடு மில்லில் பதிலியாகப் பெயர் கொடுத்திருந்தார். பதிலி என்றால் நிரந்தரத் தொழிலாளி வராத நாளில் அவருடைய மெஷினில் நிற்பது. அவரும் பாட்டனாரைப் போல ஐந்து வருஷம் காலையில் மில் வாசலில் நின்றவர்தான். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருந்தது. அவர் பெயர் ஒரு ஜாபிதாவில் இருந்தது. முன்னால் பதிந்தவனுக்கு முன்னால் வேலை. அந்த ஜாபிதாவைத் தாண்டி ஒருவனை உள்ளே விட்டால், சாயங்காலம் சங்க ஆபீசில் பத்துப் பேர் கூடிவிடுவார்கள். மானேஜருக்கு அது தெரியும்.

1973-ல் அவர் நிரந்தரமானார். பிராவிடண்ட் பண்டு, ஈ.எஸ்.ஐ., பஞ்சப்படி, போனஸ் எல்லாம் கிடைத்தன. 1972-ம் வருஷச் சட்டத்தால் கிராஜுவிட்டியும் சேர்ந்தது. மளிகைக் கடையில் கணக்கு வைத்துக் கொடுத்தார்கள். பெண் வீட்டார் மில் கார்டைப் பார்த்தே பெண் கொடுத்தார்கள். அந்த அட்டைக்கு அத்தனை மரியாதை இருந்தது.

பழைய தொழிலாளத் தோழர்களே, கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். "எங்கள் காலத்தில் கேட்டில் நின்றோம், வேலை கிடைத்தது" என்று நீங்கள் பிள்ளைகளிடம் சொல்கிறீர்கள். பாட்டனாரும் கேட்டில்தான் நின்றார். அவருக்கு அப்படிக் கிடைக்கவில்லையே! கேட்டில் நின்றதால் மட்டுமா உங்களுக்குக் கிடைத்தது? கேட்டுக்கு வெளியே ஒரு சங்கமும், கேட்டின் மேல் ஒரு சட்டமும் இருந்ததால் கிடைத்தது. பாதிக் கதையை மட்டும் சொன்னால் பிள்ளைகள் நம்மைத் தற்பெருமைக்காரர்கள் என்று நினைப்பார்கள். முழுக்கதையையும் சொல்லுங்கள்.

என் காலம்

நான் பத்தாம் வகுப்புத் தேறியது 1995-ல். அப்பா என்னை அழைத்துக்கொண்டு போய் எக்ஸ்சேஞ்சில் பதிந்தார். கையில் ஒரு அட்டை கொடுத்தார்கள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மறந்தால் சீனியாரிட்டி போய்விடும் என்று வீட்டுக் காலண்டரில் அம்மா வட்டம் போட்டு வைத்திருந்தார். நான்கு முறை புதுப்பித்தேன். ஒரே ஒரு முறை நேர்முகக் கடிதம் வந்தது. ஒரே ஒரு காவலாளி வேலைக்கு வாசல் நிறைய ஆட்கள் நின்றிருந்தார்கள். எனக்குப் பின்னால் நின்றவர் தலை நரைத்திருந்தது.

மில்லில் ஏன் சேரவில்லை என்று கேட்பீர்கள். 1991-ல் மத்திய சர்க்கார் புதிய பொருளாதாரக் கொள்கையைக் கொண்டுவந்த பிறகு பழைய மில்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆள் எடுப்பதை நிறுத்தின. ஓய்வு பெற்றவர் இடம் காலியாகவே கிடந்தது. என் தகப்பனார் வேலை செய்த மில்லும் சில வருஷங்களில் "தற்காலிகமாக" என்று அறிவிப்பு ஒட்டிப் பூட்டப்பட்டது. அந்தப் பூட்டு பிறகு திறக்கவேயில்லை. அவருக்கு வரவேண்டிய தொகைக்காகப் பல வருஷம் அலைந்தார்.

ஆகவே நான் வேலை தேடியது டீக்கடையில். டீக்கடைக்காரர் ஒரு லேத் பட்டறைக்காரரிடம் சொன்னார். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். பம்பு செட்டுக்கு உதிரிப் பாகம் செய்கிற பட்டறை. சனிக்கிழமை வாரக் கூலி. ஒன்பது வருஷத்தில் மூன்று பட்டறை மாறினேன். மூன்றிலும் என் பெயர் எழுதிய ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. இரும்புச் சுருள் கிழித்து உள்ளங்கையில் ஏழு தையல் போட்டபோது, "நீ இங்கே வேலை செய்ததாகச் சொல்லாதே" என்று முதலாளி ஐந்நூறு ரூபாய் கொடுத்தார். அந்த ரூபாயை நான் வாங்கிக்கொண்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. என் தகப்பனார் வாங்கியிருக்க மாட்டார். அவருக்கு வாங்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை, அவரிடம் ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தது.

பாட்டனார் ஐந்தாவது படித்தார், தகப்பனார் பதினொன்று, நான் பத்து. படிப்பு ஏறினால் வேலை ஏறும் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். எங்கள் வீட்டில் நடுவில் ஏறிய வேலை மறுபடியும் இறங்கியது. இறங்கியது என் மூளை அல்ல தோழர்களே, வாசலில் இருந்த சட்டம்!

பிள்ளைகள் காலம்

இப்போது பிள்ளைகளிடம் வருவோம். இவர்கள் நம்மையெல்லாம்விட அதிகம் படித்தவர்கள். ஆனால் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2024-ல் இந்தியாவைப் பற்றி வெளியிட்ட அறிக்கை என்ன சொல்கிறது? வேலையில்லாத எல்லோரிலும் படித்த வாலிபர்களின் பங்கு 2000-ல் 54.2 சதவீதம், 2022-ல் 65.7 சதவீதம். வேலையில்லாதவர் கூட்டத்தில் படித்தவர் பங்கு குறையவில்லை, கூடியிருக்கிறது.

சர்க்கார் வேலையைப் பாருங்கள். நான்காம் தொகுதித் தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேறினால் போதும். 2022-ல் 7,301 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. மனுப் போட்டவர்கள் ஏறத்தாழ 22 லட்சம் பேர். பத்தாம் வகுப்புக்காரனுக்கு உரிய இடத்துக்கு பி.ஏ. வந்து நிற்கிறான், பி.இ. வந்து நிற்கிறான். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? அவர்களுக்கு உரிய இடம் எங்கே?

எக்ஸ்சேஞ்சு இன்னும் இருக்கிறது. 2023-ல் அதில் பதிந்து காத்திருந்தவர்கள் 60 லட்சத்துக்கும் மேல். பதிந்து ஐந்து வருஷம் ஆகியும் வேலை கிடைக்கவில்லை என்றால் உதவித்தொகை என்று திட்டம் இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு மாதம் 300 ரூபாய் என்று வைத்தார்கள். ஒரு நாளைக்குப் பத்து ரூபாய். வேலை தேடிப் போக பஸ்ஸுக்கே போதாது.

தனியார் தொழிற்சாலையில் நேராகப் போய் வேலை கேட்க முடியுமா? முடியாது. ஏஜென்சிக்குப் போ என்கிறார்கள். கன்சல்டன்சி என்று ஒரு மாடி அறை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. முதலில் பதிவுக் கட்டணம். பிறகு சீருடைக்குப் பிடித்தம். பிறகு ஒவ்வொரு மாதமும் சம்பளத்தில் ஒரு துண்டு. தொழிற்சாலையின் பெயர் பலகையில் இருக்கும். அந்தப் பெயர் உங்கள் சம்பளச் சீட்டில் இருக்காது. பத்து மாதம் ஆனதும் காண்ட்ராக்டரின் பெயர் மாறும். நீங்கள் அதே மெஷினில் புதிய ஆளாகச் சேர்வீர்கள். தொழிற்சாலைகளைப் பற்றி சர்க்கார் வருஷா வருஷம் எடுக்கிற கணக்கின்படி, 2000-ம் ஆண்டை ஒட்டி ஐந்து தொழிலாளர்களில் ஒருவர் காண்ட்ராக்டு. 2022-23-ல் ஐந்தில் இரண்டு பேர்.

இன்னொரு வழி டிரெயினி. 1961-ல் வந்த பயிற்சியாளர் சட்டத்தின் நோக்கம் நல்லதுதான், தொழில் கற்றுக்கொடுப்பது. ஆனால் பயிற்சியாளன் தொழிலாளி அல்ல என்று அந்தச் சட்டமே சொல்கிறது. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, மூன்று ஷிப்டிலும் உற்பத்தியில் நிற்கிற பையனுக்கு டிரெயினி என்று சட்டை மாட்டிவிடுகிறார்கள். என் தகப்பனாருக்கு மில்தான் தன் செலவில் தொழில் கற்றுக்கொடுத்தது. இன்றைக்கு அதே தொழிலைக் குடும்பம் கடன் வாங்கி டிப்ளமா காலேஜில் கற்றுக்கொடுக்கிறது. அதற்குப் பிறகும் "உனக்குத் திறமை போதவில்லை, இரண்டு வருஷம் டிரெயினியாக இரு" என்கிறார்கள். கற்றுக்கொடுக்கிற செலவு தகப்பன் தலையில். கற்றவன் உழைப்பு அரைச் சம்பளத்தில். திறமைக் குறைவு என்ற பேச்சின் லாபம் யாருக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் பெண் பிள்ளைகளின் கதை இன்னும் கொடுமையானது. என் பாட்டி மில்லில் ரீலிங் பிரிவில் நின்றவர். தினமும் வீட்டிலிருந்து போய் வீட்டுக்குத் திரும்பினார். 2000-க்குப் பிறகு கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூல் மில்கள் பலவற்றில் என்ன செய்தார்கள்? தென் மாவட்டத்து ஏழை வீடுகளுக்கு ஏஜெண்டை அனுப்பினார்கள். பத்தாவது கூட முடிக்காத பெண்களை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் அழைத்து வந்து விடுதியில் வைத்தார்கள். முடிவில் முப்பதாயிரம், ஐம்பதாயிரம் மொத்தமாகக் கிடைக்கும், கலியாணத்துக்கு ஆகும் என்றார்கள். அதற்கு சுமங்கலித் திட்டம் என்று மங்களகரமான பெயர் வேறு! நடுவில் உடம்பு கெட்டுத் திரும்பிய பெண்ணுக்கு அந்தத் தொகை கிடையாது.

கடைசியாக, செல்போனில் வருகிற வேலை. ஒரு பைக், ஒரு போன் இருந்தால் இன்றைக்கே சேரலாம் என்கிறார்கள். உண்மைதான், சேரலாம். நம் தெருவிலேயே ஒரு பையன் உணவுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தான். பட்டதாரி. ஒருநாள் மழையில் வண்டி சறுக்கி சாப்பாடு கொட்டிவிட்டது. வாடிக்கையாளர் புகார் செய்தார். மறுநாள் காலையில் போனைத் திறந்தால் அவன் ஐ.டி. வேலை செய்யவில்லை. யாரிடம் கேட்பது? ஆபீஸ் எங்கே? மானேஜர் யார்? போனில் பதில் சொல்வது மெஷின். விசாரணை இல்லை, கடிதம் இல்லை. வண்டிக்கு வாங்கிய கடன் மட்டும் மாதா மாதம் தவறாமல் வருகிறது.

தோழர்களே, இந்தக் கதையை எங்கேயோ கேட்ட மாதிரி இல்லையா? "நீ வா, நீ போ" என்று சொல்லும் ஒருவன். ஏன் என்று கேட்க இடமில்லை. எழுத்து இல்லை. கமிஷன் உண்டு. என் பாட்டனாரின் மேஸ்திரிதான் திரும்பி வந்திருக்கிறான்! அன்றைக்குத் தலைப்பாகை கட்டி மில் வாசலில் நின்றான். இன்றைக்குக் கன்சல்டன்சி மாடியில் உட்கார்ந்திருக்கிறான், செல்போனுக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறான். அன்றைய மேஸ்திரியைத் தெருவில் மறித்துக் கேள்வி கேட்கவாவது முடிந்தது.

நாம் செய்த தவறு

மேஸ்திரி திரும்பி வந்தபோது நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? இதைச் சொல்லாமல் முதலாளியை மட்டும் ஏசிவிட்டு உட்கார்ந்தால் என் பேச்சில் நேர்மை இருக்காது.

முதல் தவறு. மில்லுக்குள் தோட்ட வேலைக்கும் கான்டீனுக்கும் முதன்முதலாகக் காண்ட்ராக்டு ஆள் வந்தபோது, "நமக்கு என்ன, அது நம் மெஷின் இல்லையே" என்று நிரந்தரத் தொழிலாளர் பலர் இருந்தார்கள். பிறகு மூட்டை தூக்க வந்தார்கள். பிறகு மெஷினுக்கே வந்தார்கள். சங்கத்தின் சந்தாப் புத்தகத்தில் அவர்கள் பெயர் இல்லை. நாமும் எழுதவில்லை.

இரண்டாவது தவறு. வாரிசு வேலை என்று கேட்டோம். தகப்பன் ஓய்வு பெற்றால் மகனுக்கு இடம் என்று ஒப்பந்தம் போட்ட இடங்களில் அதை வெற்றி என்று கொண்டாடினோம். ஆனால் தகப்பனையே மேஸ்திரி உள்ளே விடாத சேரியில் பிறந்த பிள்ளைக்கு ஏது வாரிசு? என் அத்தை ஒன்பதாவது வரை படித்தாள். அவள் பெயரை யாரும் எந்த ஜாபிதாவிலும் எழுதவில்லை. நம் வீட்டுக்கு மட்டும் திறந்த கதவு எல்லோருக்கும் திறந்ததாக ஆகிவிடாது.

மூன்றாவது தவறு இப்போது நடந்துகொண்டிருக்கிறது. "வடக்கத்தியான் வந்து நம் வேலையைப் பறித்துவிட்டான்" என்று நம் ஆட்களே பேசுகிறார்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிற அந்தப் பையனை யார் அழைத்து வருகிறான்? காண்ட்ராக்டர். அவனை எத்தனை மணி நேரம் வேலை வாங்குகிறார்கள்? பன்னிரண்டு. அவனும் என் பாட்டனாரைப் போலக் கிணறு வற்றி மூட்டை கட்டி வந்தவன்தான். அவனுக்கு எட்டு மணி நேரமும் முழுச் சம்பளமும் கிடைத்தால், அவனைக் காட்டி உன் சம்பளத்தைக் குறைக்க முதலாளியால் முடியாது.

என்ன செய்யலாம்?

பெரிய மாற்றம் வருகிற வரையில் சும்மா இருங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. நாளைக் காலையிலிருந்தே செய்யக்கூடிய சில காரியங்களைச் சொல்கிறேன்.

ஒன்று: நியமனக் கடிதம் கேளுங்கள். நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21-ந் தேதி அமலுக்கு வந்தன. அவற்றை நாம் எதிர்க்கிறோம். ஏன் என்பது இன்றைய பேச்சிலிருந்தே விளங்கும். நூறு பேர் உள்ள தொழிற்சாலைக்கு என்றிருந்த நிலையாணையை முந்நூறு பேர் என்று உயர்த்திவிட்டார்கள். என் தகப்பனாரைக் காப்பாற்றிய காகிதம் இருநூறு பேர் வேலை செய்யும் இடத்தில் இனி கட்டாயமில்லை. ஆனால் அந்த நான்கு தொகுப்புகளில் ஒன்றில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. எழுதியதைக் கேட்டு வாங்குவோம். கடிதம் கையில் இருந்தால்தான் மற்ற சண்டையைத் தொடங்கவே முடியும்.

இரண்டு: ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். எந்தத் தேதியில் எந்த ஷிப்டு, எந்த மெஷின், எந்த சூப்பர்வைசர் என்று தினமும் ஒரு வரி எழுதுங்கள். தமிழ்நாட்டில் 1981-ம் வருஷச் சட்டம் ஒன்று இருக்கிறது. இரண்டு வருஷத்துக்குள் 480 நாள் வேலை செய்தவனை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. சிறு பட்டறைக்குப் பொருந்தாது. பெரிய தொழிற்சாலைக்குப் பொருந்தும். இதற்குப் பயந்துதான் 480 நாள் ஆகுமுன்னே பெயரை வெட்டி ஒட்டுகிறார்கள். கணக்கு அவனிடம் மட்டும் இருந்தால் அவன் சொன்னதுதான் கணக்கு.

மூன்று: பிராவிடண்ட் பண்டும் ஈ.எஸ்.ஐ.யும் பிடிக்கிறார்களா, பிடித்ததைக் கட்டுகிறார்களா என்று மாதந்தோறும் பாருங்கள். செல்போனிலேயே பார்க்கலாம். பார்க்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லுங்கள்.

நான்கு: வேலை கொடுப்பதற்குப் பணம் கேட்கிற ஏஜெண்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். கேட்டால் சங்கத்துக்கு வந்து சொல்லுங்கள். ஒருவர் தனியாக மறுத்தால் வேலை போகும். ஒரு தெருவே மறுத்தால் ஏஜெண்டு போவான்.

ஐந்து: நிரந்தரம், காண்ட்ராக்டு, டிரெயினி, ஊர்க்காரன், வெளியூர்க்காரன், ஆண், பெண், செல்போன் வேலைக்காரன் எல்லோருக்கும் ஒரே சந்தாப் புத்தகம். உணவு கொண்டுபோகிற பிள்ளைகளுக்காக 2023-ல் தமிழ்நாட்டில் ஒரு நல வாரியம் அமைத்தார்கள். நல்லது. ஆனால் நோட்டீஸ் இல்லாமல் ஐ.டி.யை முடக்கக் கூடாது, கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று சொல்ல வேண்டும் என்று சட்டமே வேண்டும். சர்க்கார் ஆபீஸ்களில் காலியாகக் கிடக்கும் இடங்களை நிரந்தரமாக நிரப்ப வேண்டும். இவை நம் கோரிக்கைகள்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் இதெல்லாம் செய்ய மாட்டார்கள் என்று சில பெரியவர்கள் சொல்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பாருங்கள். 2024 செப்டம்பர் 9 முதல் சாம்சங் தொழிலாளர்கள் முப்பத்தேழு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பந்தலைப் பிரித்தார்கள், கைது செய்தார்கள்; கலையவில்லை. 2025 ஜனவரியில் அவர்கள் சங்கம் பதிவாயிற்று. எல்லாம் கிடைத்துவிடவில்லை. ஆனால் செல்போனில் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சங்கம் வைக்கத் தெரியாது என்ற பேச்சு பொய்யாயிற்று.

இப்போது அந்தத் தாயின் கேள்விக்கு வருகிறேன். யார் பேரில் தப்பு?

அம்மா, உங்கள் வீட்டுக்காரர் சோம்பேறி அல்ல, உங்கள் மகனும் சோம்பேறி அல்ல. அவர் உள்ளே நுழைந்த கதவை இவர் நுழைவதற்கு முன் சாத்திவிட்டார்கள். அந்தக் கதவைத் திறந்தவர்களில் உங்கள் மாமனார் தலைமுறை இருந்தது. சாத்தும்போது எங்கள் தலைமுறை அசட்டையாக இருந்தது. மகனைத் திட்டுவதால் அது திறக்காது. தகப்பனிடம், "உங்க காலம் சுகம்" என்று சொல்வதாலும் திறக்காது. சங்கம் எப்படி வைத்தோம், ஜாபிதாவை எப்படிக் காப்பாற்றினோம் என்று அவருக்குத் தெரியும். ஏஜென்சியின் சூழ்ச்சி என்ன, செல்போனுக்குள் நடப்பது என்ன என்று மகனுக்குத் தெரியும். இந்த இரண்டு அறிவும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன!

அந்தத் தகப்பனாரும் மகனும் இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறார்கள். ஒருவர் முன் வரிசையில், ஒருவர் கடைசி வரிசையில். பரவாயில்லை, வந்திருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போட்டு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். காண்ட்ராக்டு, டிரெயினி, டெலிவரி வேலையில் இருப்பவர்களும், வேலை தேடிக்கொண்டிருப்பவர்களும் உங்கள் பெயரையும், எந்த ஏஜென்சி என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள். என் தகப்பனாரைக் காப்பாற்றியது ஒரு ஜாபிதா. நாமும் ஒரு ஜாபிதாவிலிருந்தே தொடங்குவோம்.